இரண்டாவது படம்

பைக்கில் வருகிறவனைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று வேகத்தை அளக்கும் இயந்திரத்துக்கான பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். காருக்கு முகம் அகலம், லாரிக்கு அதைவிட அகலம், சிவப்புப் புள்ளியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒளி முட்டித் திரும்பிவிடும். பைக் ஒல்லி. ஹெட்லைட்டில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நம்பர் பிளேட்டில், இரண்டும் தப்பினால் ஓட்டுகிறவனின் நெஞ்சில். மங்கையர்க்கரசிக்கு இப்போதெல்லாம் எதுவும் தப்புவதில்லை. ஆனாலும் விசையை அழுத்துவதற்கு முன் புள்ளி ஒரு கணம் நெஞ்சின்மேல் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது, ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காரில் போகிறவர்களுக்கு முகமே இல்லை, கண்ணாடியில் வானமும் கரண்ட் கம்பியும்தான் ஓடுகின்றன. பைக்கில் வருகிறவர்கள் மட்டும் முழுசாக வருகிறார்கள், சட்டை உப்பி, கண்ணைச் சுருக்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் முகத்தோடு. தனியாக ஓட்டும்போது மனிதர்கள் பாடுகிறார்கள். யாரையோ திட்டுகிறார்கள், சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்லி முடிக்கிறார்கள். போன வாரம் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணின் முகத்தை மூடியிருந்த துப்பட்டா கண்ணுக்குக் கீழே நனைந்திருந்தது. வேகம் ஐம்பதுகூட இல்லை, படம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் புள்ளி அவளோடு கடைசிவரை வந்து, அவள் ஜீப்பைத் தாண்டிப் போனபின்தான் விட்டது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் அழுகிற ஒருத்தியை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது சரியா, கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல இல்லையா என்று அன்றைக்கு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வருகிறவர்களுக்குப் போலீஸ் ஜீப் கண்ணில் படும். பட்ட உடனே முகம் மூடிக்கொள்ளும். கை பிரேக்குக்குப் போகும், முன்சக்கரம் அமுங்கும், ஒருவன் காலைத் தூக்கி நம்பர் பிளேட்டை மறைப்பான், ஒருவன் பெட்ரோல் டேங்க்மேல் படுத்துக்கொள்வான், அப்படிப் படுத்தால் இயந்திரத்துக்குத் தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இயந்திரம் இரண்டு படம் எடுத்து வைக்கும். முதலாவது அவர்கள் இவளைப் பார்ப்பதற்கு முன்னால், இரண்டாவது பார்த்த பிறகு. இரண்டாவதில் வேகம் எப்போதும் குறைந்திருக்கும். இந்த ரோட்டில் வருகிற ஒவ்வொருவரும் அவளைப் பார்த்தவுடன் செய்கிற முதல் காரியம் அதுதான்.

கொட்டாம்பட்டியைத் தாண்டி, திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற நாலுவழிச் சாலையில், பாலம் இறங்குகிற இடத்தில் ஜீப் நின்றது. பாலத்தின் மறைவில் நின்றால் இறக்கத்தில் வேகம் பிடித்து வருகிறவர்களுக்குக் கடைசி நேரம்வரை தெரியாது. முன்சீட்டில் சிறப்பு எஸ்.ஐ. கோதண்டம் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுச் சாய்ந்திருந்தார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரைக்கும் யாரோடும் வம்பில்லாமல் போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. வெயில் தார் ரோட்டிலிருந்து எழும்பி நடுவிலிருந்த அரளிச்செடிகளைத் தண்ணீருக்குள் இருப்பவைபோல ஆட்டியது. முக்காலியில் வைத்த ஸ்பீடு கன்னுக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கிற இந்த டூட்டியை ஸ்டேஷனில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. மங்கையர்க்கரசி கேட்டு வாங்கினாள். ஏம்மா உனக்கு இந்தத் தலையெழுத்து என்று கோதண்டம்கூடக் கேட்டார். உட்கார்ந்து எழுதுற வேலை ஒத்துவரலீங்கய்யா என்றாள், அது பொய்யுமில்லை. ஆனால் இந்த ரோடு மேலூருக்குப் போகிறது. மேலூரில் அப்பா இருக்கிறார், அண்ணன் சிகாமணி இருக்கிறான், அண்ணன் மகள் இனியா இருக்கிறாள், அண்ணன் துவரங்குறிச்சியில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான், காலையில் வடக்கே போய் இருட்டியபின் தெற்கே திரும்புகிறான். அவள் வருவதற்கு முன்னால் போய்விடுவான், அவள் போன பிறகுதான் வருவான். அதனால்தான் கேட்டு வாங்கினேன் என்று அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொண்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பும்போது இன்றைக்கும் இல்லை என்று ஒரு வார்த்தை கூடவே வரும். சொல்லிக்கொள்ளாதபோதும் அது வந்தது. போலீஸ் குடியிருப்பில் பூட்டைத் திறக்கும்போது, உள்ளே போய் ஃபேன் போட்டு அது சுற்ற ஆரம்பிக்கும் அந்த முதல் கிரீச்சில், அருள்தாஸின் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற கொக்கியில் கண் படும்போது.

அருள்தாஸ் போலீஸ் ஜீப் ஓட்டுகிறவனாக இருந்தான். வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்ன அன்று அப்பா கத்தவில்லை. மாலைப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார், அதை அவர் இன்னும் மடிக்கவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். அண்ணன்தான் கத்தினான், பிறகு அவன்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான், ஏறிக்கொள் என்றும் சொல்லாமல், போகாதே என்றும் சொல்லாமல். ஆறு வருஷம். அதில் நாலு வருஷம் அருள்தாஸ் இருந்தான். தேர்தல் பந்தோபஸ்துக்குப் போன ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்தான், வண்டி நின்றுகொண்டிருந்தது, அதனால் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் அதை ஒரு நல்ல செய்திபோல அவளிடம் சொன்னார்கள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான், அண்ணனைப் போலவே இடது தோள் கொஞ்சம் இறங்கி. மண் போட்டு முடிந்து அவள் திரும்பிப் பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. அண்ணனா, வேறு யாராவதா? தோள் இறங்கின ஆட்கள் ஊரில் எத்தனையோ பேர். அண்ணன்தான் என்றால் ஏன் உள்ளே வரவில்லை, உள்ளே வராதவன் ஏன் வந்தான். அண்ணன் இல்லை என்றால் நல்லது, கோபமாவது மிச்சமிருக்கும். இந்த இடத்துக்கு வந்து வந்து அவள் நினைப்பு சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டியதுபோல நின்றுவிடும். இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது.

பாலத்தின் உச்சியில் ஒரு பைக் ஏறி இறங்கியது. கறுப்பு வண்டி. அவள் கை பழக்கத்தில் புள்ளியைக் கொண்டுபோனது, நெஞ்சில் நின்றது, இடது தோள் இறங்கியிருந்தது. விசையை அழுத்திவிட்டிருந்தாள். யோசித்து அழுத்தவில்லை, கையே அழுத்தியது, அதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாததுபோல இயந்திரம் கீ என்று ஒரு சத்தம் போட்டது. ஹெல்மெட் இல்லை. அண்ணன் தலை இவ்வளவு நரைத்துவிட்டதா? தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறவன், சின்ன வயதில் பின்னால் உட்காரும் தங்கச்சிக்கும் ஒன்று வாங்கி, அது பெரிதாக இருந்ததால் உள்ளே துண்டு வைத்துக் கட்டிவிட்டவன். உச்சிவெயிலில், கடை நேரத்தில், தெற்கே பார்த்து வருகிறான். அவன் முகம் கிட்டே கிட்டே வந்தது, வாய் இறுகியிருந்தது, சட்டையின் மேல் பொத்தான் கழன்று காற்றில் படபடத்தது, இப்போது ஜீப் தெரிந்துவிட்டிருக்கும், இதோ கை பிரேக்குக்குப் போகும், வேகம் குறையும், குறைந்தால் அவள் என்ன செய்ய வேண்டும், ரோட்டுக்கு இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினால் நின்றுவிடுவான், நின்றால் என்ன பேசுவது, லைசென்ஸ் எடுங்க என்றா? அவள் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கை தூக்கவில்லை. பைக்கின் வேகம் குறையவில்லை. உறுமல் ஏறியது, காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது, அரளிப்பூ ஒன்று உதிர்ந்து ரோட்டில் உருண்டது, அவ்வளவுதான், முதுகு, சின்னதாகிக்கொண்டே போகிற முதுகு.

"புடிச்சிட்டியா?" என்று தொப்பிக்குள்ளிருந்து கோதண்டம் கேட்டார். "ஹெல்மெட்டும் போடல போலருக்கே."

"விழுந்திருச்சுங்கய்யா" என்றாள். படம் விழுந்துவிட்டது என்கிற அர்த்தத்தில்.

திரையில் இரண்டு படங்களும் வந்தன. முதலாவதில் எண்பத்தி இரண்டு. இரண்டாவதில் தொண்ணூற்றி நாலு. அவள் முதலில் படம் மாறிவிட்டது என்று நினைத்தாள், வரிசை தப்பிவிட்டது என்று. தப்பவில்லை. எல்லாரும் குறைக்கிற இடத்தில் அண்ணன் கூட்டியிருக்கிறான். ஜீப்பைப் பார்க்கவில்லையா? பார்க்காமல் எப்படி இருப்பான், இரண்டாவது படத்தில் கண் நேராக இங்கேதான் இருக்கிறது. அப்படியானால் ஜீப்பைப் பார்த்தான், பக்கத்தில் காக்கி உடுப்பில் நிற்கிற பொம்பளையையும் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் முறுக்கினான், ஒரு அசிங்கத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற மாதிரி. இல்லை, இல்லை, அது இல்லை. பட்டப்பகலில் கடையை விட்டுவிட்டு, ஹெல்மெட்டை மறந்துவிட்டு ஒருவன் வீட்டுக்குப் பறக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அப்பாவுக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு அடைப்பு இருந்தது. அவள் இருந்தபோதே மாத்திரை சாப்பிட்டார், வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி. அந்த மஞ்சளை யார் இப்போது பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள்? அண்ணி கோமளா உடைப்பாள். அண்ணி நல்லவள்தான். அப்பா கட்டிலில் கிடக்கிறாரா, தரையில் இறக்கிவிட்டார்களா. படத்தைப் பெரிதாக்கினாள். அண்ணனின் முகம் திரை முழுக்க வந்தது, ஆறு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் முதல் தடவை. அழுகிறானா என்று பார்த்தாள். காற்றில் கண் கலங்கினாலும் அப்படித்தான் இருக்கும். இன்னும் பெரிதாக்கினாள். கண் சதுரம் சதுரமாக உடைந்துபோனது, சாம்பல் சதுரம், கறுப்புச் சதுரம், அதற்குள் ஒன்றும் இல்லை.

நம்பர் பிளேட்டைப் படித்த இயந்திரம் தானாகவே உரிமையாளர் விவரத்தை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டது. தெய்வசிகாமணி, தந்தை பெயர் முத்துக்கருப்பன், மேலூர். கீழே ஒரு செல்போன் எண், அவளுக்குத் தெரியாத புது எண். முத்துக்கருப்பன் என்ற பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எதுவும் இல்லை. ஆனால் இந்த மாதிரி இடங்களில் அப்பாக்கள் சாவதில்லை, செத்துப் பல வருஷமான பிறகும் பேர் அப்படியேதான் நிற்கும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் தெரிந்துவிடும். வண்டி விவரத்திலிருந்து எண்ணை எடுத்துச் சொந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது, அது ஒன்று. கூப்பிட்டு என்ன கேட்பது, அது இன்னொன்று. அப்பா இருக்காரா? ஆறு வருஷம் கழித்து ஒருத்தி கேட்கிற முதல் கேள்வி அதுவா? அவள் போன் மட்டும் பழைய எண்ணில்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் இலவசமாக வேறு சிம் கொடுத்தபோதும், குடியிருப்பில் சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் போய் நின்று பேச வேண்டியிருந்தபோதும் மாற்றவில்லை. சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால், ஒன்று, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அல்லது, இருக்கிறது, ஆனாலும் அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. வாசலில் பந்தல் போட ஆள் வந்திருப்பான். பொம்பளைப்பிள்ளை எங்கே என்று யாராவது கேட்பார்கள், யாராவது கேட்டவர் கையைச் சுரண்டுவார்கள். இங்கே அவள் வேகம் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"அந்தப் படமெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி அனுப்பி விட்டுரும்மா" என்றார் கோதண்டம். "போன தடவ தேங்கிப் போச்சுன்னு மேல இருந்து கேட்டாங்க."

ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு கட்டங்கள். அனுப்பு என்று ஒன்று, தெளிவில்லை என்று ஒன்று. தெளிவில்லை என்று அழுத்திவிட்டால் படம் அழிந்துவிடும், அண்ணன் இந்த வழியாக வரவே இல்லை என்று ஆகிவிடும். அனுப்பினால் அவன் போனுக்கு மெசேஜ் போகும். எந்த இடம், என்ன வேகம், பிடித்த காவலர் பெயர். அவள் பெயர் முழுசாகப் போகும். ஸ்டேஷனில் எல்லாருக்கும் மங்கை, அருள்தாஸுக்கும் மங்கை, வீட்டில் அரசி, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அப்பா ஒருத்தர்தான். எழவு வீட்டில், அழுகைக்கு நடுவில், அண்ணன் சட்டைப்பையில் அது டிங் என்று விழும். அபராதம். மங்கையர்க்கரசி. இதைவிடக் கேவலம் ஒரு தங்கச்சி செய்ய முடியுமா? விரல் தெளிவில்லை மேல் போய் நின்றது. படம் தெளிவாகத்தான் இருந்தது. சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது. அழித்துவிட்டால் இந்த முகமும் போய்விடும், நாளைக்கு இதே இடத்தில் நின்றுகொண்டு பார்த்தேனா, வேறு யாராவதா, தோள் இறங்கின ஆட்கள் எத்தனையோ பேர் என்று மறுபடி அந்த ஆணியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு யாருக்கும் தெரியாமல் போகிற வேலையை அண்ணன் ஒரு தடவை செய்தான், இப்போது அவள் செய்யப் போகிறாள். அதுவும் அண்ணனாக இருந்தால். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கோபம் வந்தது அவளுக்கு, எங்கிருந்து என்று தெரியவில்லை. பார்த்துவிட்டு முறுக்குகிறாயா? போ. அவள் அனுப்பு என்பதை அழுத்தினாள். அழுத்திய உடனே கோபம் போய்விட்டது, வெறும் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கோதண்டம் அவர் வீட்டுக் கீரைக்குழம்பைக் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார், வேண்டாங்கய்யா என்றாள். ரோட்டில் வண்டிகள் வந்தன, போயின, எதிர்த்திசையில் போகிறவர்கள் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு லைட்டை அடித்து அடித்துச் சொல்லிக்கொண்டே போனார்கள், போலீஸ் நிக்குது, மெதுவாப் போ. முன்பின் தெரியாதவனுக்கு முன்பின் தெரியாதவன் சொல்கிறான். அவள் ஜீப்பின் பின்பக்கம் வந்து நிழலில் நின்றுகொண்டாள். போன் அதிர்ந்தபோது அதை எடுக்கவே பயமாக இருந்தது. பெயர் இல்லாத எண். ஆனால் அந்த எண்ணை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் அது மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஹலோ."

எதிர்முனையில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், சக்கரம் உருளும் சத்தம். ஆஸ்பத்திரி.

"அரசி."

"அண்ணா, அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கா?" அண்ணன் குழம்பினான். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லயே. வீட்டுல தூங்குவாரு இந்நேரம். ஏன், யாரும் எதுவும் சொன்னாங்களா?"

அவள் ஜீப்பின் பம்பரில் உட்கார்ந்தாள். இரும்பு சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"இனியாதான் ஸ்கூல் மாடிப்படியில விழுந்துட்டா" என்றான். "டீச்சர் போன் பண்ணப்பவே பின்னாடி அவ கத்துறது கேட்டுச்சு. அப்படியே வண்டிய எடுத்துட்டேன். ஹெல்மெட் கடையில கெடக்கு."

"ஒடஞ்சிருச்சா?"

"விரிசல்தானாம். மாவுக்கட்டு போட்டாச்சு. இப்பதான் அழுகைய நிப்பாட்டுனா." குரலைத் தாழ்த்தினான். "மெசேஜ் வந்துச்சு. உன் பேரு இருந்துச்சு."

"ம்."

ஒரு டேங்கர் லாரி தரையை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"என்னைப் பாத்தியாண்ணா?"

"பாலம் எறங்கும்போதே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் கூட்டுன? எல்லாரும் கொறைப்பாங்க."

"நின்னா உடனே கெளம்ப முடியாது அரசி" என்றான். "புள்ள அங்க கத்திக்கிட்டு இருந்துச்சு."

ஏதாவது சொல்ல வேண்டும், என்னவாவது. அதற்குள் எதிர்முனையில் இழுபறி, யாருப்பா யாருப்பா என்று ஒரு சின்னக் குரல், அத்தைடா என்று அண்ணன் குரல், பிறகு போனுக்கு மிகக் கிட்டத்தில் ஒரு மூச்சு. இனியாவை அவள் கடைசியாகப் பார்த்தபோது மூன்று வயது, இப்போது ஒன்பது, அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நீங்கதான் போலீஸ் அத்தையா?"

"ஆமாடா."

"அப்பா எவ்ளோ வேகத்துல வந்தாங்க?"

மங்கையர்க்கரசி ஒரு கணம் யோசித்தாள். குழந்தையிடம் சொல்லலாமா என்று. "தொண்ணூத்தி நாலு."

"தொண்ணூத்தி நாலா!" போன் வாயைவிட்டு விலகியது. "அம்மா, அப்பா எனக்குத் தொண்ணூத்தி நாலுல வந்திருக்காங்கம்மா!" மறுபடி கிட்டே வந்தது. "ஃபைன் போட்டுட்டீங்களா அத்தை?"

"போட்டுட்டேன்."

"போடணும்ல" என்றது குழந்தை, மிகவும் பொறுப்பாக.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணியாக இருக்கலாம். அண்ணன் போனை வாங்கி, டாக்டர் கூப்பிடுறாரு, வைக்கிறேன் என்றான். சரிண்ணா என்றாள். வீட்டுக்கு வா என்று அவன் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் போலீஸ் அத்தை என்று அந்தக் குழந்தைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சும்மா ஒரு நாள் சொன்னால் பிள்ளைகளுக்கு நிற்காது, அடிக்கடி சொல்லியிருக்க வேண்டும், சோறு ஊட்டும்போதோ, ரோட்டில் போலீஸ் ஜீப் போகும்போதோ. யார்? அண்ணனா, அண்ணியா? அப்பாவாக இருக்காது. இருக்காது என்றுதான் நினைத்தாள். நினைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டிருக்கும் அவர் மடியில் பேத்தி ஏறுவதையும், அவர் அவள் காதில் எதையோ சொல்வதையும், என்னவென்று கேட்காமலேயே, மனசுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் டப்பாவைக் கழுவிய தண்ணீரை ரோட்டோரத்தில் ஊற்றிவிட்டு வந்தார். "யாரும்மா போன்ல? முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

"எங்கண்ணங்கய்யா."

"உனக்கு அண்ணன் இருக்காரா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஒரு நாளும் சொன்னதில்லையே. எங்க இருக்காரு, வெளியூரா?"

"இல்லீங்கய்யா" என்றாள். "இங்க பக்கத்துலதான். மேலூரு."